ஆறு விரலுக்கு ஒரு சப்பாத்து

என் இடது காலில் ஆறு விரல். வலது காலில் ஐந்துதான், ஆனால் அந்த ஐந்தும் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளைப் போல ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்கும். சாயல்குடிப் பக்கம் பிறந்து, மீசை முளைக்கும் முன்னே பனை ஏறத் தொடங்கியவனுக்குக் கால் அப்படித்தான் ஆகும். முன்பக்கம் முறம் மாதிரி அகலம். குதிகால் மட்டும் சிறுத்திருக்கும். ஈர மணலில் நான் நடந்து போயிருந்தால் தடத்தைப் பார்த்தே ஆள் யாரென்று, பின்னால் நான் குடியேறிய புதுமடத்துக் கரையில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு சைக்கிள் பந்தயத்தில் ஓடினேன். அதுவும் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடினேன். இன்றைக்கு என் பேரன்மார் கடைக்குப் போய் நம்பர் சொல்லி ஷூ வாங்கி வருகிறார்கள். நான் போட்ட பூட்ஸுக்கு நம்பர் கிடையாது. உலகத்தில் அப்படி ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த சமயம். கல்யாணம் முடிந்து, பனையை விட்டு இறங்கிப் புதுமடத்துக்கு வந்து, மீன் கொண்டுபோகும் சைக்கிள்காரனாக இருந்தேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் புதுமடம் கரையில் நான் கூடையைக் கட்டினால், ராமநாதபுரம் சந்தையில் முதலில் இறங்குவது என் கூடையாகத்தான் இருக்கும். மற்றவர்கள் வழியில் நின்று பதநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பாதிக் கூடையை விற்றிருப்பேன். மீனின் கண் வெளுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். தொழில் அவ்வளவுதான். அதில் என்னை மிஞ்ச அந்த ரோட்டில் ஆள் இருந்ததில்லை.

ஒரே ஒரு குறை. சைக்கிள் என்னுடையதில்லை. உச்சிப்புளியில் ஓர் அண்ணாச்சி வைத்திருந்த வாடகைக் கடையில் விடியும் முன்னே போய் எடுப்பேன். உச்சிப்பொழுதுக்குள் திருப்பி விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் வேறு ஆளுக்கு. சாயங்காலம் கரை சேரும் மீன் இருக்கிறதே, அதுதான் துடிக்கிற மீன். அதை அள்ளிக்கொண்டு போக எனக்குச் சக்கரம் இருக்காது. கரையில் நின்று வேடிக்கை பார்ப்பேன். சொந்தமாக ஒரு சைக்கிள் மட்டும் இருந்தால் நானே மீன் பேசி, நானே எடுத்து, நானே விற்று, இன்னொருவருக்குக் கூலியாக இல்லாமல் நிமிர்ந்துவிடுவேன். தின்னும்போதும் அதே நினைப்பு, படுக்கும்போதும் அதே நினைப்பு.

அப்படி இருக்கையில் சந்தைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சுதந்திர தினத்தன்று காலையில் சைக்கிள் பந்தயம். ராமநாதபுரத்தில் புறப்பட்டு, உச்சிப்புளியில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். முதல் பரிசு புதுச் சைக்கிள். அந்த இடம் வரை நானே வாசித்தேன். அதற்கு மேல் வாசிக்க எனக்கு நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. நான் தினமும் ஓடுகிற ரோடு. பின்னால் மீன் பாரம் இல்லாமல் ஓடினால் போதும், சைக்கிள் என் வீட்டு வாசலில் நிற்கும். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பேர் கொடுத்தேன்.

மறுநாள் வாடகைக் கடை அண்ணாச்சிதான், தன் கடைச் சுவரிலும் ஒட்டியிருந்த அதே நோட்டீஸில் மிச்சத்தை வாசித்தார்.

"ஏலே, கடைசி வரியப் பாத்தியா? வெறுங்காலோட வாரவனச் சேக்க மாட்டாகளாம். பூட்ஸும் காலுறையும் கட்டாயமாம். போன வருசம் ஒருத்தன் விரலு செயினுக்குள்ள போயிருச்சுல்ல, அதான்."

"பூட்ஸா?"

"பூட்ஸு. கோட்டுப் போட்டு வரச் சொல்லலையேன்னு சந்தோசப்படு."

என் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். பந்தயத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அன்றைக்கே கூடையை இறக்கிய கையோடு ராமநாதபுரம் கடைத்தெருவில் பூட்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் மூக்கைப் பொத்தவில்லை, அந்த மட்டும் நல்ல மனிதர். இருந்ததிலேயே பெரிய ஜோடியை எடுத்து வந்து என் காலைப் பிடித்து உள்ளே தள்ளினார். பாதி போனது. அவர் மாட்ட, நான் உந்த, அவர் உட்கார்ந்திருந்த முக்காலி நகர்ந்து அலமாரியில் முட்டியது.

"அண்ணே, இது காலா, தோசைக் கல்லா?" என்றார்.

"கால்தான். ஒரு விரலு கூட."

"அந்தக் கூட உள்ள விரலுக்குத் தனியா ஒரு கடை வச்சாத்தான் உண்டு."

அடுத்துப் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பட்டாளத்து பூட்ஸ் கிடைத்தது. அகலத்துக்கு என் கால் உள்ளே போய்விட்டது. ஆனால் நீளத்துக்கு இன்னொருவர் காலும் கூடவே போகும் போலிருந்தது. முன்னால் காலி இடத்தில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு சைக்கிள் ஏறினேன். இரண்டு மைல் போவதற்குள் குதிகால் தோல் உரிந்துவிட்டது, ஆறாவது விரல் குமுறியது. பூட்ஸின் மூக்கு முன்சக்கரத்து மட்காடில் இடித்து, திருப்பத்தில் நான் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன். பூட்ஸை அதே மனிதரிடம் திருப்பிக் கொடுத்தேன். முள்ளை என் வீட்டுக்காரி பிடுங்கினாள்.

மூன்றாவதாகச் செருப்புத் தைப்பவரிடம் போனேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலை மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். பிறகு காரணத்தைச் சொன்னார்.

"பூட்ஸுன்னா மர அச்சு வேணும் தம்பி. அச்சு மேல தோலை இழுத்துப் போட்டு ஆணி அடிச்சு வச்சாத்தான் அந்த வடிவு வரும். அஞ்சு விரலுக்கு அச்சு இருக்கு. ஒன் காலுக்கு அச்சு, ஒன் காலுதான்."

அந்தப் பேச்சு என் காதிலேயே நின்றுவிட்டது. வீடு வந்து சேரும் வரை அதைத்தான் மென்றுகொண்டு வந்தேன்.

புதுமடத்துக் கரையில் தோணிகளுக்குப் பாய் தைக்கிற ஒருவர் இருந்தார். முஸ்லிம், நாற்பது வயசு இருக்கும், அவர் தகப்பனார் கொழும்புக்குத் தோணி விட்டவர். பூட்ஸை அவர்கள் கொழும்புப் பேச்சில் சப்பாத்து என்பார்கள். எங்கள் பக்கத்தில் நாங்கள் அவர்களை மாமன் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். அந்தப் பருவத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. விரித்த கித்தான் துணிக்கு நடுவில் உட்கார்ந்து பெரிய ஊசியால் குத்திக்கொண்டிருப்பார். கடல் காற்று பிய்க்க முடியாத தையல் அவருடையது. அவர் தைப்பதைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்குச் சட்டென்று தோன்றியது. தோலுக்குத்தானே அச்சு வேண்டும்? கித்தானுக்கு?

"மாமு, எனக்கு ஒரு சப்பாத்து தைக்கணும்."

"வெத்தலை போட்டிருக்கியா, வேற எதுவும் போட்டிருக்கியா?"

"நெசமாத்தான். கித்தான்ல."

"நா தோணிக்குப் பாய் தைக்கிறவன் மாப்ளே. காலுக்குத் தைக்கிறவன் இல்ல."

இடது காலைத் தூக்கி அவர் விரித்து வைத்திருந்த துணியின் மேல் வைத்தேன். பார்த்தார். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தோணி மாதிரித்தான் இருக்கு," என்றார். "சரி, இங்கன உக்காரு."

பனை ஓலைக் கீற்றால் அளவு எடுத்தார். கித்தானை இரட்டையாக மடித்துத் தைத்தார். ஆறாவது விரலுக்கென்று பக்கவாட்டில் ஒரு சின்னப் பை விட்டார். அடிக்கு லாரி டயர். மேலே கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை துளை போட்டுக் கயிறு கோத்தார். நாலு நாளில் வேலை முடிந்தது. போட்டுப் பார்த்தேன், அளவு கச்சிதமாக நின்றது. துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகத் திரும்பினால், அவர் சப்பாத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"பட்டைச் சாறு குடிக்காம என் கையிலருந்து ஒரு துணி வெளிய போனதில்ல. உப்புத் தண்ணியில இத்துப் போயிரும். நாளைக்கு வா."

எங்கள் கரையில் புதுப் பாய் எதுவானாலும் மரப்பட்டை அவித்த சாற்றில் முக்கித்தான் தோணியில் ஏற்றுவார்கள். அதில் ஊறினால் துணி செங்காவி நிறத்தில் கெட்டிப்படும், மக்காது. அந்த வழக்கப்படியே என் சப்பாத்தையும் அண்டாவில் முக்கி, பாயோடு பாயாகக் கொடியில் காயப் போட்டுவிட்டார். புதுக் கித்தான் நனைந்து காய்ந்தால் சுருங்கும் என்பது அவருக்குத் தெரியாததா? பாய்க்கு அதற்கென்றே முழக்கணக்கில் கூட விட்டுத் தைக்கிறவர். சப்பாத்துக்கு அதை மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது கொடியில் தொங்கியது ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கு ஆகும்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி நின்றோம். அவருக்கு முகம் செத்துவிட்டது. இன்னும் ஒன்பதே நாள். அந்த நேரத்தில்தான் செருப்புத் தைப்பவர் சொன்ன சொல் வெடித்துக் கிளம்பியது. ஒன் காலுக்கு அச்சு, ஒன் காலுதான்.

"மாமு, இன்னொண்ணு தைங்க. கொஞ்சம் பெருசாத் தைங்க. ஆனா கொடியில காயப் போடாதிய. என் காலுல காயப் போடுங்க."

"என்னது?"

"சாத்துல முக்கி ஈரத்தோட நான் மாட்டிக்கிறேன். சுருங்கட்டும். என் காலு எதுவரைக்கும் விடுதோ அதுவரைக்கும் சுருங்கட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாம் வகுப்பு படித்தவனுக்கு வந்த யோசனை, கொழும்புவரை பேர் போன பாய்க்காரருக்கு வரவில்லை. அதை அவரே பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், நான் சொல்லச் சொல்லி அல்ல.

இதற்கிடையில் காலுறைக் கதை வேறு. கடையில் விற்ற காலுறையைப் போட்டால் ஆறாவது விரல் மற்றதன் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அரை மைலில் கொப்புளம். என் வீட்டுக்காரி என்னுடைய இரண்டு பனியனையும் எடுத்து வெட்டினாள். பனியன் துணி இழுத்தால் இழுபடும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆறாவது விரலுக்குத் தனியாக ஓர் உறை வைத்தாள்.

தைத்து முடித்ததைப் பார்த்தால் தையல் எல்லாம் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது.

"உள்ள வெளியா மாத்தித் தச்சுட்டியே," என்றேன்.

"தெரிஞ்சுதான் தச்சேன். தையலு வெளிய இருந்தா ஊருக்கு அசிங்கம். உள்ள இருந்தா ஒங்க காலுக்குப் புண்ணு. எது வேணும்?"

போட்டுப் பார்த்தேன். கால் இருப்பதே தெரியவில்லை. என் அறிவில் பாதி அவளிடம் கேட்டு வாங்கியது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

இரண்டாவது ஜோடி தயாரான அன்று மீனுக்குப் போகவில்லை. காலுறையைப் போட்டு, சாறு சொட்டச் சொட்டச் சப்பாத்தை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் இரண்டு காலையும் வெயிலில் நீட்டி உட்கார்ந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை. கரையே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"என்னப்பா, காலுக்குக் காய்ச்சலா?"

"இல்ல, மொளைக்கப் போட்டிருக்காரு."

மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தவள் தலையிலிருந்து சட்டியை இறக்கும்போதே சிரித்துவிட்டாள். "எல்லாரு வீட்டுலயும் மீனக் காயப்போட்டு காக்காவ வெரட்டுவாக. நான் புருசங்காலக் காயப்போட்டு வெரட்டணும் போல."

உச்சி வெயில் ஏற ஏறத் துணி பிடிக்கத் தொடங்கியது. முதலில் குதிகால், பிறகு பாதத்தின் வளைவு, கடைசியில் விரல்கள். ஒவ்வொரு விரலையும் யாரோ கையால் அணைத்துப் பிடிப்பது போல இருந்தது. பொழுது சாயும்போது எழுந்து நின்றேன். நடந்தேன். ஓடினேன். பனை ஏறப் போனவனைப் பாய்க்காரர் வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். எனக்குப் பிறந்தபோதே போட்டுவிட்ட தோல் மாதிரி இருந்தது அது.

கயிற்றுக்கு அவர் ஒரு முடிச்சுச் சொல்லிக்கொடுத்தார். தோணியில் காற்று திடீரென்று வலுத்தால் பாயை நொடியில் தளர்த்த வேண்டும். அதற்கென்றே உள்ள முடிச்சு. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கும், நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் விட்டுக்கொடுக்கும்.

"இறுக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது மாப்ளே," என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தயத்தன்று காலையில் இருபதுக்கு மேற்பட்ட பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் ராமநாதபுரத்து அரிசி மில்காரர் மகன். சீமைச் சைக்கிள், பளபளவென்று தோல் பூட்ஸ். நான் அண்ணாச்சியின் வாடகைச் சைக்கிளில் நின்றேன். பிரேக் பாதி பிடிக்கும், மணி மட்டும் முழுசாக அடிக்கும். பந்தயக் குழுக்காரர் ஒருவர் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"பூட்ஸுங்க."

"பூட்ஸுன்னா தோல்ல இருக்கணும். இது தோணிப் பாயில இருக்கு."

என் பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

"ஐயா, எனக்குப் படிப்புக் கம்மி. நோட்டீஸ்ல தோலுன்னு எங்கன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க. போட்டிருந்தா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

அவர் நோட்டீஸை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். குனிந்து என் சப்பாத்தைத் தட்டிப் பார்த்தார். டயர் அடி டொக்கென்றது. "ரெண்டும் காலுல இருந்தபடி திரும்பி வரணும். ஒண்ணு கழண்டாலும் பரிசு கெடையாது," என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்குப் போனார்.

விசில் ஊதினார்கள். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. போகும்போது மிதிக்கவே வேண்டாம் போல ஆறேழு பேர் கூட்டமாகப் பறந்தோம். உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் காற்றுக் காலத்தில் மணல் எழும்பி ரோட்டின் குறுக்கே மேடாகக் கிடக்கும். இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். மற்றவர்கள் பூட்ஸுக்குள் மணல் கொட்டியது. ஏறி மிதித்தபோது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. என் சப்பாத்துக்குள் மணல் போக ஊசி முனை இடம்கூடக் கிடையாது. கொடியைச் சுற்றும்போது நான்தான் முன்னால். வாடகைக் கடை வாசலில் நின்ற அண்ணாச்சி, "ஏலே, சைக்கிளு பத்திரம்லே," என்று கத்தினார். எனக்காகக் கத்தவில்லை பாருங்கள்.

திரும்பும்போது காற்று நெஞ்சுக்கு நேராக வந்தது. மில்காரர் மகன் ஒருவன்தான் விடாமல் பின்னால் வந்தான். நான் குனிந்து மிதித்தேன். வேர்வை முழங்காலிலிருந்து வழிந்து சப்பாத்துக்குள் இறங்கியது. அப்போது ஆரம்பித்தது வினை. நனைந்த கித்தான் மறுபடியும் இறுகத் தொடங்கியது. மிதித்து மிதித்துக் கால் வேறு வீங்கியிருந்தது. இடது காலில் ஆறு விரலையும் சேர்த்துக் கிட்டி போட்டு முறுக்குவது போல ஒரு வலி. கண் இருட்டியது. பின்னால் அவன் செயின் சத்தம் கேட்டது, பக்கத்தில் வந்தது, என்னைத் தாண்டியது. அந்தப் பளபளக்கிற பூட்ஸ் இரண்டும் எனக்கு முன்னால் ஏறி இறங்கின. சாயங்கால மீனும் கரையும் அவற்றோடு சேர்ந்து தூரமாகப் போவது போல இருந்தது.

இறங்கித் தளர்த்தினால் பந்தயம் போயிற்று. தளர்த்தாவிட்டால் கால் மிதிக்காது. அப்போதுதான் பாய்க்காரர் முடிச்சு நினைவுக்கு வந்தது. ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, மிதித்தபடியே குனிந்து, இடது காலின் கயிற்று நுனியைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பு. மொத்தமும் விட்டுக்கொடுத்தது. அடைத்து வைத்த ரத்தம் பாதத்துக்குள் பாய்ந்த சுகம் இருக்கிறதே, அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மிதித்தேன். கால் பழைய கால் ஆகிவிட்டது. ஆனால் தளர்ந்த சப்பாத்து இப்போது குதிகாலை விட்டு நழுவத் தொடங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் அரை விரற்கடை. கழன்றால் பரிசு கிடையாது. பாதத்தை வளைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் பிடித்தது எது தெரியுமா? ஆறாவது விரல். அதற்கென்று தைத்த பைக்குள் இருந்துகொண்டு, மடங்கி, துணியைக் கொக்கி போட்டது போல இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறந்த நாள் முதல் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கூடவே வந்த விரல், அன்றைக்கு மொத்த வேலையும் தான்தான் என்று பார்த்தது.

ஊர் எல்லையில் அவனை எட்டினேன். பந்தயம் முடிகிற பந்தல் தெரிந்தபோது இரண்டு பேரும் சமமாகப் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கு என் பின்னால் மீன் கூடை இல்லை. தினமும் பாரத்தோடு அதே காற்றில் மிதித்தவன் நான். ஒரு சைக்கிள் நீளம் முன்னால் போய் எல்லைக் கயிற்றைத் தாண்டினேன். தாண்டிய பிறகு நிற்க முடியவில்லை. பிரேக் பாதிதானே பிடிக்கும்? பந்தல் கால் ஒன்றைக் கட்டிப் பிடித்துத்தான் நின்றேன்.

குழுக்காரர் ஓடி வந்து முதலில் என் காலைத்தான் பார்த்தார். இடது குதிகால் வெளியே நின்றது, பாதம் உள்ளே இருந்தது. அவர் சொன்னதை அவரே யோசித்துப் பார்த்தார். "இருக்கு," என்றார். "ரெண்டும் இருக்கு."

பாய்க்காரர் விடியலிலேயே வண்டி ஏறி வந்து பந்தலில் நின்றிருந்தார். எனக்கு வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், குனிந்து சப்பாத்தை என் காலோடு தூக்கி வெளிச்சத்தில் புரட்டினார். "அல்ஹம்துலில்லாஹ். ஒரு தையலு பிரியல மாப்ளே," என்றார். அவருக்கு அதுதான் பந்தயம்.

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, சைக்கிளையும் கொடுத்தார்கள். பச்சை நிறம். டயரில் இன்னும் ரப்பர் முடி இருந்தது. சப்பாத்து இரண்டையும் கழற்றிக் கயிற்றால் முடிந்து ஹேண்டில் பாரில் தொங்கவிட்டேன். புதுச் சைக்கிளில் நான் ஏறிக்கொண்டு, வாடகைச் சைக்கிளை இடது கையால் பிடித்து ஓட்டிக்கொண்டு, காற்று முதுகில் தள்ள உச்சிப்புளி வந்து சேர்ந்தேன். உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அண்ணாச்சி வாடகைச் சைக்கிளைச் சுற்றி வந்து ஒரு கீறல் உண்டா என்று பார்த்தார். பிறகு பச்சைச் சைக்கிளைப் பார்த்தார். தினமும் கேட்கிற வழக்கத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நாளைக்கு எத்தன மணிக்கு எடுக்க வாரே?"

"இனிமே வரல அண்ணாச்சி. சாயங்காலத் தோணி கரைக்கு வாரதுக்குள்ள போகணும். அந்தக் காத்தடிக்கிற பம்ப மட்டும் ஒரு நிமிசம் குடுங்க."

அவர் பம்பை என்னிடம் கொடுக்கவில்லை. அவரே குனிந்து உட்கார்ந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்தார்.